பன்னாடையும் மாவுக்கட்டும்: கூட்டுப்பொருள் வடிவமைப்பும் தளவாய்புரம் வட்டாரமும்

இரண்டு பொருள்கள் சேர்ந்து மூன்றாவது ஒன்றாக மாறுவதில் இரு வகைகள் உண்டு. செம்பும் துத்தநாகமும் உருகிப் பித்தளையாகும்போது ஒன்று மற்றொன்றில் கரைந்துவிடுகிறது. பித்தளைக் குடத்தில் செம்பு எது, துத்தநாகம் எது என்று எவராலும் சுட்டிக் காட்ட இயலாது. செம்மண்ணும் வைக்கோலும் குழைந்து சுவராகும்போதோ வைக்கோல் வைக்கோலாகவும் மண் மண்ணாகவும் நின்று, தனித்தனியே எதற்கும் இல்லாத ஒரு வலிமையைக் கூடிப் பெறுகின்றன. இந்த இரண்டாம் வகைச் சேர்க்கையே கூட்டுப்பொருள் எனப்படுவது. அதில் பெரும்பாலும் இரு உறுப்புகள் இருக்கும்: இழுவிசையைத் தாங்கும் இழை ஒன்று, அந்த இழைகளை அவற்றின் இடத்தில் நிறுத்தி, ஓரிழையின் மேல் விழும் சுமையை அடுத்த இழைக்குக் கடத்தி, முழுமைக்கும் வடிவம் தரும் பிணைப்பான் மற்றொன்று. இழை இல்லாத பிணைப்பான் விரிசல் விடும். பிணைப்பான் இல்லாத இழை துவண்டு விழும்.

இத்தகைய பொருள்களை, அதிலும் வழக்கத்தில் இல்லாத சேர்க்கைகளை, கையால் செய்து பார்த்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் இடமே இவ்வுரையில் வடிவமைப்புக் கூடம் என்று குறிக்கப்படுகிறது. ஸ்டூடியோ என்று பரவலாக வழங்குவதும் அதுவே. ஆய்வகம் ஒரு பொருள் எத்தனை கிலோ எடையில் முறிகிறது என்று கேட்கிறது, தொழிற்சாலை அதை என்ன விலைக்குச் செய்யலாம் என்று கேட்கிறது. அது யாருடைய கைக்கும் காலுக்கும் பொருந்தப்போகிறது, பழுதானால் என்ன ஆகும், பழசானால் எங்கே போகும் என்ற கேள்விகளைக் கேட்பதற்கு மூன்றாவதாக ஓர் இடம் தேவைப்படுகிறது. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் தையற்கூடங்களும் நிறைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் கூட்டுப்பொருளின் முதல் பாதியை, அதாவது இழையையும் துணியையும், நெடுங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறது. மற்றப் பாதியாகிய பிணைப்பானும் வடிவமும் வெளியூர்களில் சேர்க்கப்படுவதால் பொருளின் மதிப்பிலும் பெயரிலும் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது என்பதும், இவ்விரு பாதிகளும் இங்கேயே கூடுவதற்கான அறிவு ஏற்கனவே இங்கே இருக்கிறது என்பதும்தான் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

அந்த அறிவு புதியதன்று. தென்மாவட்ட வீடுகளில் புடைப்பதற்குப் பயன்படும் சுளகு நாளடைவில் இடைவெளி விட்டுத் தளர்ந்தபோது அதை எறிந்துவிடும் வழக்கம் இருந்ததில்லை. பழைய காகிதத்தை நீரில் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் வழுவழுப்பாக அரைத்து, அந்தக் கூழைச் சுளகின் இருபுறமும் விரலால் அழுத்திப் பூசி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்தபின் தட்டினால் பலகைபோல் ஒலிக்கும். இதில் நடப்பதை இன்றைய சொற்களில் விளக்கினால், சுளகின் பின்னல் முதன்மை இழையாகவும், காகிதத்திலுள்ள செல்லுலோஸ் துணையிழையாகவும், வெந்தயத்தின் வழவழப்புக்குக் காரணமான கேலக்டோமேனன் என்னும் சர்க்கரைத் தொடர் பிணைப்பானாகவும் அமைகின்றன. வெந்தயத்தின் கசப்பு பூச்சிகளை ஓரளவு அண்டவிடாது என்ற நம்பிக்கையும் உண்டு. இழை, துணையிழை, பிணைப்பான் என மூன்றும் பொருந்திய ஒரு கூட்டுப்பொருளை எந்தப் பட்டறையும் இல்லாமல் திண்ணையிலேயே செய்துமுடித்த பெண்களின் பெயர் எந்தத் தொழில்நுட்ப வரலாற்றிலும் இடம்பெறவில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை.

இயற்கையே நெய்து தரும் துணி ஒன்றும் இவ்வட்டாரத்துத் தோப்புகளில் கிடக்கிறது. தென்னை மட்டையின் அடிப்பகுதி மரத்தைத் தழுவும் இடத்தில் சல்லடைபோல் பழுப்பு நிறத்தில் விரிந்திருக்கும் பன்னாடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தடித்த நார்கள் ஒரு சாய்வில் ஓட, அவற்றின் மேல் மற்றோர் அடுக்கு எதிர்ச்சாய்வில் குறுக்கிட்டுச் செல்வதையும், நுண்ணிய நார்கள் இரண்டையும் கட்டி நிறுத்துவதையும் காணலாம். தறியின் பாவும் ஊடும்போல இருந்தாலும் இது தறி காணாத நெசவு. பன்னாடை கள்ளும் நெய்யும் வடிகட்டப் பயன்பட்டது. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இந்த வடிகட்டியை நெய்யரி என்ற பெயரில் நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாக்கியதாலோ என்னவோ, பன்னாடை என்ற சொல் வசையாகவே நிலைத்துவிட்டது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தப் பன்னாடையைத்தான் எடுத்துக்கொண்டு, காரக் கரைசலில் பக்குவப்படுத்தி, பாலியெஸ்டர் பிசினோடு அச்சில் அழுத்தித் தகடுகளாக்கி, அவற்றின் வலிமையையும் அதிர்வு தாங்கும் தன்மையையும் ஆராய்ந்து கட்டுரைகளாக வெளியிட்டனர். வசையாகப் பயன்பட்ட ஒரு பொருள் உலக ஆய்விதழ்களில் மதிப்போடு பேசப்பட்டதில் இந்த மண்ணின் ஆய்வுக்கும் பங்குண்டு. ஆனால் ஆய்வுக்கட்டுரையில் நிற்கும் தகடு நாற்காலியாகவோ பெட்டியாகவோ ஊர்க் கடைத்தெருவுக்கு வருவது தானாக நிகழ்வதன்று. அந்த இடைவெளியை நிரப்புவது வடிவமைப்புக் கூடத்தின் வேலை.

கூட்டுப்பொருளின் இலக்கணம் முழுவதையும் கற்றுத்தரத்தக்க பொருள் ஒன்று இராசபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நாள்தோறும் நெய்யப்படுகிறது. மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்கு நாடறிந்த இடம் அது. நெசவில் பொதுவாக இழை நெருக்கமே தரத்தின் அளவு. வேட்டியாயினும் சேலையாயினும் நெருங்க நெய்தது உயர்ந்தது. பேண்டேஜ் துணியில் அந்த வழக்கம் தலைகீழாகிறது. இழைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் வெற்றிடம் விட்டு நெய்வதே அதன் பண்பு. காயத்தின் மேல் வைக்கும்போது காற்றோட்டத்துக்கும் உறிஞ்சுதலுக்கும் உதவும் இந்த வெற்றிடம், எலும்பு முறிவுக்குப் போடப்படும் மாவுக்கட்டில் இன்னும் ஆழமான ஒரு வேலையைச் செய்கிறது.

மாவுக்கட்டில் மாவு என்று வழங்குவது ஜிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அதன் படிகத்திலுள்ள நீரில் முக்கால் பங்கை வெளியேற்றிப் பெறும் வெண்பொடி. நீர் பட்டதும் அது இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாக வளர்கிறது. அவ்வாறு வளரும்போது வெப்பம் வெளிப்படுவதால்தான் கட்டுப் போட்ட சற்று நேரத்தில் கால் கதகதப்பாவதை நோயாளி உணர்கிறார். அந்த ஊசிகள் துணியின் கண்களினூடே புகுந்து மறுபக்கத்து ஊசிகளோடு கோத்துக்கொள்வதால் பத்து அடுக்குத் துணி பத்து அடுக்காக நில்லாமல் ஒரே ஓடாக இறுகுகிறது. நெருக்கமான துணியாக இருந்தால் மாவு மேலே ஒரு தோலாக நின்று, அடுக்குகள் வெங்காயத் தோல்போல் கழன்றுவிடும். நெசவின் வெற்றிடம்தான் இங்கே வலிமை. ஒடிந்த காலைச் சுற்றிப் பெட்டி வைத்து மாவுக் குழம்பை ஊற்றிய பழைய முறையில் நோயாளி எழ முடியாமல் கிடக்க நேர்ந்தது. நெதர்லாந்தின் படைமருத்துவர் அந்தோனியஸ் மத்தைசென் 1851-ஐ ஒட்டி மாவைத் துணியில் தேய்த்துச் சுருட்டி வைத்து, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையைக் கொண்டுவந்த பிறகு மாவுக்கட்டோடு நடமாடுவது இயல்பாயிற்று.

இதே இலக்கணத்தைச் சுவர் அளவுக்குப் பெருக்கினால் கிடைப்பது, ஆஸ்திரேலியாவில் உருவாகிச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இந்திய நிலைக்கேற்ப ஆராய்ந்து வளர்த்த கண்ணாடியிழை ஜிப்சம் பலகை. 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 124 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அந்த உள்ளீடற்ற பலகைகளால் அக்கழக வளாகத்தில் 2013-இல் ஓர் இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் எழுப்பப்பட்டது. உரத்தொழிற்சாலைகளில் மலைபோல் குவியும் ஜிப்சம் கழிவே அதன் மூலப்பொருள். பருத்திக்குப் பதில் கண்ணாடியிழை, காலுக்குப் பதில் வீடு என்ற வேறுபாட்டைத் தவிர மாவுக்கட்டின் அறிவே அங்கும் வேலை செய்கிறது.

பேண்டேஜ் துணியில் மறைந்திருக்கும் இன்னொரு திறமையைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். தறியிலிருந்து இறங்கும் துணி நீரை உறிஞ்சாது. பாவுக்குப் போட்ட கஞ்சியும் பருத்தியின் இயல்பான மெழுகும் நீரைத் தள்ளும். சலவைப் பட்டறையில் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசிய பிறகுதான் தண்ணீரில் போட்டதும் அமிழும் துணியாகிறது. இயற்கை இழைகளைப் பிசினோடு சேர்க்க முயலும் ஆய்வகங்கள் முதலில் செய்வதும் இதுவே. இழையின் மேலுள்ள மெழுகும் பிற படலங்களும் பிசினை ஒட்டவிடாது என்பதால் அதே காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறார்கள். பன்னாடையைக் காரக் கரைசலில் பக்குவப்படுத்தியதாக மேலே குறித்ததும் அதுதான். காரம் குறைந்தால் மெழுகு நீங்காது, மிகுந்தால் இழையே நலியும். அந்த இடைநிலையைக் கண்டறிய ஆய்வு மாணவர் மாதக்கணக்கில் முயல, சலவைப் பட்டறையில் முதிர்ந்த தொழிலாளி துணியின் நிறத்தையும் வழுக்கலையும் பார்த்தே அறிகிறார். கிருஷ்ணன்கோவிலின் ஆய்வகமும் சத்திரப்பட்டியின் பட்டறையும் ஒரே வேதியியலைத்தான் இரு மொழிகளில் பேசிக்கொண்டிருக்கின்றன.

வடிவமைப்புக் கூடங்களின் உலக வரலாற்றிலும் ஒடிந்த கால் ஒரு திருப்புமுனையாக நிற்கிறது. அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1942-இல் அந்நாட்டுக் கடற்படைக்காகக் கால்முறிவுத் தாங்கி ஒன்றை உருவாக்கினர். போர்க்களத்தில் அதுவரை பயன்பட்ட உலோகத் தாங்கிகள் தூக்குக்கட்டிலின் அதிர்வை அப்படியே காலுக்குக் கடத்திக் காயத்தை மோசமாக்கின. ஈம்ஸ் இணையர் மெல்லிய மரத்தோல்களைப் பிசினோடு அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் கால்போலவே வளைத்து அமைத்தனர். மரத்தை ஒரு திசையில் வளைப்பது எளிது. குதிகாலைப்போல் இரு திசைகளில் ஒருங்கே வளைத்தால் பிளந்துவிடும். பிளக்கும் இடங்களில் முன்னதாகவே வாய்விட்டுத் துளை வைத்ததால் மரம் வளைந்துகொடுத்தது, அத்துளைகளே கட்டுத்துணி கோப்பதற்கும் பயன்பட்டன. அத்தகைய தாங்கிகள் 1,50,000-க்கும் மேல் செய்யப்பட்டன. போருக்குப்பின் அந்த அறிவே அவர்களுடைய ஒட்டுப்பலகை நாற்காலிகளாயிற்று. 1950-இல் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த, ஒரே ஓடாக வார்க்கப்பட்ட நாற்காலி வந்தது. இந்திய அரசின் அழைப்பில் இங்கு வந்து சுற்றிய அவர்கள் 1958-இல் அளித்த அறிக்கையில் நம் வீட்டுச் செம்பையே சிறந்த வடிவமைப்பின் சான்றாக எடுத்துப் பேசியதும், அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அமைய அவ்வறிக்கை அடிகோலியதும் பலரும் அறிந்தவை. நாற்காலிக்கு முன் கால் வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கூட்டுப்பொருளுக்கும் காலுக்கும் உள்ள இதே உறவை இந்தியாவிலும் காணலாம். இராமேசுவரத்தில் பிறந்து, தும்பாவில் ராக்கெட் பணியிலிருந்த காலத்திலேயே கண்ணாடியிழைக் கூட்டுப்பொருள்களில் ஈடுபட்ட ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், அக்னி ஏவுகணையின் வெப்பம் தாங்கும் முகப்புக்கான கார்பன் இழைக் கூட்டுப்பொருள் பணிகளை ஐதராபாத்தில் வழிநடத்தினார். அந்நகரத்து நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், போலியோவால் கால் தளர்ந்த சிறுவர்கள் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட உலோகக் காலிப்பர்களை இழுத்துக்கொண்டு நடப்பதைக் கண்டபின், ஏவுகணைக்கு ஆன அறிவைக் கொண்டு 300 கிராம் எடையிலான தாங்கிகள் செய்யப்பட்டன. கலாம் தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக இதையே பல மேடைகளில் கூறினார். ஜெய்ப்பூர்க் கால் என்னும் செயற்கைக் காலை உருவாக்கியதில் அறுவை மருத்துவர் பி. கே. சேத்திக்கு இணையான இடம் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவுக்கு உண்டு. கடற்பஞ்சு போன்ற ரப்பர், மரம், டயரில் பயன்படும் நூல், கெட்டி ரப்பர் ஆகியவற்றை ஒரே அச்சில் வேகவைத்து, வெறுங்காலோடு நடக்கவும் குந்தி அமரவும் ஏற்ற பாதத்தை அவர்கள் உருவாக்கினர். மருத்துவர் ஒருவரும் கைவினைஞர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததன் பயன் அது.

அண்மைக்காலத்தில் தென்னாட்டில் தோன்றிய கூடங்களுள் இவ்வுரைக்கு மிக நெருங்கியது கேரளத்தின் மலாய். இலண்டனில் பொருள் வடிவமைப்புப் பயின்ற சுலோவாக்கியப் பெண்மணி சுசானா கோம்போசோவாவும் கேரளத்தின் சுஸ்மித் சுசீலனும் தொடங்கிய இக்கூடம், தேங்காய்த் தண்ணீரிலிருந்து தோல்போன்ற தாள் செய்கிறது. எண்ணெய்க்காகவும் கொப்பரைக்காகவும் முற்றிய தேங்காயை உடைக்கும் இடங்களில் தண்ணீர் தரையில் கொட்டப்பட்டுப் புளித்து மண்ணைக் கெடுக்கிறது. அதை வாங்கிக் கொதிக்கவைத்துத் தூய்மைப்படுத்தி, செல்லுலோஸ் சுரக்கும் நுண்ணுயிர்களை விட்டு, தட்டுகளில் அசையாமல் வைத்தால், அவை நீரிலுள்ள சர்க்கரையை உண்டு, காற்றுப் படும் மேற்பரப்பில் நுண்ணிழைகளைப் பின்னிப் பின்னி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இளந்தேங்காய் வழுக்கைபோன்ற ஓர் ஆடையை உண்டாக்குகின்றன. பிலிப்பைன்ஸ் மக்கள் இனிப்பாக உண்ணும் நாட்டா டி கோக்கோ என்பதும் இதே ஆடைதான். மலாய் கூடம் அதனோடு வாழைநார் போன்ற இயற்கை இழைகளையும் தாவரப் பிசின்களையும் சேர்த்துத் தாளாக்கி உலர்த்தி, கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் ஏற்ற பொருளாக்குகிறது. நுண்ணுயிரின் ஆடையைத் தனியே உலர்த்தினால் காகிதம்போல் விறைத்துக் கிழியும். நாரும் பிசினும் சேர்ந்தபின்தான் மடித்தாலும் ஒடியாத தன்மை வருகிறது. செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருளாதலால் ஈரத்திலிருந்து அதைக் காப்பது இன்றளவும் பெரும் சவால். எனினும் பயன் முடிந்தபின் மண்ணில் மக்கிப்போகும் என்ற ஒரு தகுதிக்காகவே அந்தச் சவாலோடு போராடுவது தகும்.

ஏனெனில் கூட்டுப்பொருளின் பெருங்குறை அது பிரிய மறுப்பதில்தான் இருக்கிறது. பிசின்களில் மெழுகுபோன்றவை உண்டு, முட்டைபோன்றவையும் உண்டு. மெழுகை எத்தனை முறையும் உருக்கலாம். வெந்த முட்டையை மீண்டும் நீர்மமாக்க இயலாது. வலிமையான கூட்டுப்பொருள்கள் பெரும்பாலும் முட்டை இனத்தைச் சேர்ந்தவை. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலை இறக்கைகள் கண்ணாடியிழையும் அவ்வகைப் பிசினும் சேர்ந்தவை; தமிழகத்தில் 1986-இல் தொடங்கிய காற்றாலைகளின் முதல் தலைமுறை முதுமையடைந்து இறக்கப்படும்போது அந்த இறக்கைகளை உருக்கவும் முடியாது, மக்கவிடவும் முடியாது. இதைவிடக் கொடிய பாடம் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்திரியாவின் லூத்விக் ஹாட்செக் 1901-இல் காப்புரிமை பெற்ற கல்நார் சிமெண்ட் தகடு மலிவும் உறுதியும் நெருப்புக்கு அஞ்சாமையும் ஒருங்கே கொண்ட அரிய கூட்டுப்பொருளாகப் போற்றப்பட்டது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனம் உறுதிசெய்துள்ளது. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலத்தை அவர்களுடைய அடிப்படை உரிமையாகக் கொண்டு இந்திய உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தகடு இன்றும் எண்ணற்ற ஏழை வீடுகளின் கூரையாக இருக்கிறது. எதைச் சேர்க்கிறோம் என்பதோடு அது எப்படிப் பிரியும் என்பதையும் முதல் நாளே கேட்காத வடிவமைப்பு முழுமையற்றது. சுளகுக்குப் பூசிய வெந்தயக் கூழ் இந்தத் தேர்வில் தேறுகிறது, காற்றாலை இறக்கை தேறவில்லை.

மாவுக்கட்டின் எதிர்காலமும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. நகர மருத்துவமனைகளில் இப்போது ஃபைபர் கட்டு என்று வழங்குவது, நீர் பட்டதும் இறுகும் பாலியூரித்தேன் பிசின் ஏற்றிய கண்ணாடியிழைப் பின்னல். அது இலேசானது, நனைந்தாலும் எளிதில் கெடாதது. நோயாளிக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் பருத்திக்கும் தறிக்கும் இடமில்லை, கழற்றி எறிந்தபின் மக்குவதும் இல்லை. பருத்தி பேண்டேஜோடு மக்கும் பிசின் ஒன்று சேர்ந்து அதே இலேசையும் உறுதியையும் தருமா என்ற கேள்வி, சத்திரப்பட்டித் தறிகளின் வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடையது. அதை வேறு எவரும் இங்கு வந்து கேட்கப்போவதில்லை.

அத்தகைய கேள்விகளைக் கேட்கும் கூடத்துக்கான மூலப்பொருள் இதே வட்டாரத்துத் தளவாய்புரத்தில் கிடக்கிறது. அது நைட்டி தைக்கும் ஊர். துணியை அடுக்கி வெட்டும்போது கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் விழும் பிறைத்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கட்டப்படுகின்றன. அவற்றைக் கட்டும்போதே பருத்தி தனியாகவும் பாலியெஸ்டர் கலந்தது தனியாகவும் பிரித்து வைத்தால், அது கழிவு என்ற பெயர் நீங்கி மூலப்பொருளாகிவிடும். கலந்தபின் பிரிப்பது எந்த இயந்திரத்துக்கும் கடினம். சூடேற்றி அழுத்தும் ஓர் அழுத்துப்பொறி, சில மர அச்சுகள், துல்லியமான ஒரு தராசு, உலர்த்தும் பந்தல், தேறியதையும் தேறாததையும் நாள்தோறும் எழுதும் ஒரு பேரேடு ஆகியவை ஒரு தொடக்கக் கூடத்துக்குப் போதுமானவை. மரத்தூளும் இழைத்தூளும் நுரையீரலுக்குப் போகாமல் காக்கும் முகக்கவசமும் காற்றுறிஞ்சியும் முதல் செலவாக இருத்தல் வேண்டும். கல்நாரின் பாடத்தை மறந்து தொடங்கும் கூடம் தொடங்காமலே இருக்கலாம். அந்தக் கூடத்தில் தையல் கட்டிங் மாஸ்டர், சலவைப் பட்டறைத் தொழிலாளி, எலும்பு மருத்துவர், தச்சர், வேதியியல் ஆசிரியர் ஆகியோர் வாரத்தில் ஒருநாளாவது ஒன்றாக அமரும்படி ஆலை உரிமையாளர்களும் கல்லூரி நிருவாகங்களும் ஆவன செய்தல் வேண்டும். அதுவரை காத்திராமல் மாணவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கிருஷ்ணன்கோவிலிலிருந்து சத்திரப்பட்டி, காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வேலை முடித்துத் திரும்பிவிடும் தொலைவு. தோப்பில் கிடக்கும் பன்னாடை ஒன்றை எடுத்துக்கொண்டு சலவைப் பட்டறைக்குப் போய், இதை எவ்வளவு காரத்தில், எவ்வளவு நேரம் வேகவைக்கலாம் என்று அங்குள்ள பெரியவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள்.